ஆறுமுகசாமியின் ஞானஸ்நானம்

மத்தியானம் பன்னிரண்டு அடித்ததும் லூர்துராஜ் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பான். மராமத்து இலாகா அலுவலகம்வரை கோயில் மணி கேட்காது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுவான். திரிகால ஜெபத்தை உதட்டுக்குள் சொல்லிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, மறுபடி உட்கார்ந்து விட்ட வரியிலிருந்து எழுதுவான். எதிர் மேஜைக் காளிதாஸ் கொள்ளேகாலத்துக்காரன். அவனுக்கு இது தினமும் ஒரு வேடிக்கை.

"ஏன் பாதிரி, எங்களுக்கும் சேர்த்துக் கேட்டியா? இன்க்ரிமென்ட் பத்தி ஒரு வார்த்தை போட்டு வையப்பா. உன் சாமி இங்கிலீஷ்காரன் போன பிறகும் ஆபீஸ்ல செல்வாக்கோட இருக்காரு."

லூர்துராஜ் சிரிப்பான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரியும், அதனால்.

மனைவி ஜேன் இறந்த பிறகும் அவன் எதையும் நிறுத்தவில்லை. காலைப் பூசை, பன்னிரண்டு மணி, சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நாக்கில் வாங்கும் நன்மை அப்பம். பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஒரே நாளில் மண்ணில் வைத்த மனுஷன், விசுவாசம் துளி குறையவில்லை பார் என்று மைசூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவனைக் காட்டினார்கள். குறைந்ததா இல்லையா என்பது லூர்துராஜுக்கே தெரியாது. உள்ளே போய்ப் பார்க்க அவன் முயலவில்லை. கை பழகியிருந்தது, செய்தது. காலையில் முகச்சவரம் செய்துகொள்வதில்லையா, அதுபோல.

அவர்கள் கோயில் பங்கில் நன்மரண சபை என்று ஒன்று இருந்தது. சாகக் கிடப்பவர்களைப் பார்ப்பதும் செத்தவர்களைத் தூக்குவதும் அதன் வேலை. தூக்குவதற்குக் கோயிலில் ஒரு தூம்பா உண்டு. கறுப்புச் சாயம் பூசிய மரப்பெட்டி, இருபுறமும் தோளில் வைக்கக் கட்டை. பங்கில் எவர் செத்தாலும் கல்லறைவரை அதில்தான் போவார்கள். குழியோரம் உடலை இறக்கிவிட்டுப் பெட்டி கோயிலுக்குத் திரும்பிவிடும். ஜேனும் அதில்தான் போனாள்.

பிள்ளை அதில் போகவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குத் தூம்பாவும் இல்லை, மந்திரித்த மண்ணும் இல்லை. சபைத் தலைவர் பிரகாசம் ஜேனுக்குத் தாய்மாமன். அவர்தான் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கள்ளி ஓரமாகக் குழி வெட்டும் இடத்தைக் காட்டினார். அழுதுகொண்டேதான் காட்டினார். ஆனாலும் சுவருக்கு வெளியேதான் காட்டினார்.

அந்தப் பிள்ளை பிறந்து கொஞ்ச நேரம் மூச்சு விட்டிருக்கிறது. பிரசவம் பார்த்த நர்ஸ் மரியபுஷ்பம் ஜேனோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு ஜேனின் ரத்தப்போக்கை நிறுத்த ஓடினாள். திரும்பிப் பார்க்கும்போது இரண்டும் முடிந்துவிட்டன. ஒரு கை தண்ணீர் எடுத்து, இரண்டு வார்த்தை சொல்லிப் பிள்ளையின் தலையில் ஊற்ற அவளுக்குத் தோன்றவில்லை. ஆபத்துக்கு யாரும் கொடுக்கலாம் என்று ஞானோபதேசத்தில் சின்ன வயதிலேயே படித்ததுதான். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. லூர்துராஜும் சொல்லவில்லை. அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டு பிரசவ வார்டிலிருந்து ஆண்கள் வார்டுக்கு மாறினாள். அதற்குப் பிறகு அவள் ஏப்ரன் பையில் எந்நேரமும் ஒரு சின்ன சீசா தண்ணீரும் கொஞ்சம் பஞ்சும் இருந்தன.

ஆறுமுகசாமி அந்த வார்டில்தான் கிடந்தான். சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன். சாரம் சரிந்து கல்குவியலில் தலைகுப்புற விழுந்தவன். புருவம்வரை கட்டுப் போட்டிருந்தது. கண் திறந்திருக்கும். யார் பேசினாலும் தலை அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பும். அவ்வளவுதான். அவன் பெண்டாட்டி அஞ்சலை கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கன்னடம் ஒரு சொல் தெரியாது. டாக்டர் என்ன சொன்னார், ஆயா ஏன் கத்துகிறாள் என்று நின்று சொல்ல மரியபுஷ்பத்துக்கு நேரமில்லை; வேறு ஆளில்லாமல் இருந்தவளுக்கு லூர்துராஜ் கிடைத்தான். சபை வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமை ரொட்டி கொடுக்கப் போனவன், அவளுக்குப் பேச்சுத்துணையாக அலுவலகம் விட்டதும் தினமும் போக ஆரம்பித்தான். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்பதும் ஒரு காரணம்.

"நின்னு நம்ம பேச்சு பேசறவரு நீங்க ஒருத்தருதான் சாமி இந்த ஊருல" என்பாள் அஞ்சலை. "நீங்க வந்தாத்தான் எனக்கு உசுரு வருது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறுமுகசாமியின் மூச்சு மாறியது. மரியபுஷ்பம் நாடி பார்த்தாள். பிறகு அஞ்சலையிடம், "கீழே போய்க் கஞ்சி வாங்கிட்டு வாங்கம்மா. தீந்துரப் போகுது, சீக்கிரம்" என்றாள். அஞ்சலை குவளையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் கொஞ்சம் மறைச்சு நில்லுங்க."

லூர்துராஜ் நின்றான். எதற்கு என்று கேட்கவில்லை. சீசாவைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

அவள் குனிந்தாள். "ஆறுமுகசாமி, யேசுசாமிகிட்டப் போறீங்களா?"

தலை அவள் குரல் பக்கம் திரும்பியது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. பஞ்சை நனைத்து, கட்டுக்குக் கீழே புருவத்தின்மேல் பிழிந்தாள். "பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவுடைய நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." தண்ணீர் கண்ணோரமாக இறங்கி, காதுக்குள் போய், தலையணையில் ஒரு வட்டமாகப் பரவியது. லூர்துராஜ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சூசைன்னு பேரு வெச்சேன்" என்றாள் மரியபுஷ்பம். அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. ஜேன் இறந்த பிறகு அவனை நேராக நிமிர்ந்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான். "நல்ல மரணத்துக்குச் சூசையப்பருதானே அண்ணே பாதுகாவல்."

கஞ்சி வந்தது. உள்ளே இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடியும்போது ஆறுமுகசாமி இறந்துபோனான்.

பிரகாசம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தர்மாஸ்பத்திரியில் ஹெட் கிளார்க் அவர். மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தவருக்குச் சந்தோஷம் முகத்தில் நிற்கவில்லை.

"லூர்து, லீவு சொல்லிட்டு வா. சாயங்காலம் அடக்கம். புஷ்பம் எல்லாம் சொல்லிட்டா. கடைசி நேரத்துல ஒரு ஆத்துமம் தப்பிச்சுது பார்த்தியா! தூம்பாவைத் துடைக்கச் சொல்லியாச்சு. நீ முன்கட்டை."

"அந்தம்மாகிட்ட யாரு சொன்னா மாமா?"

"எந்தம்மா?"

"அவன் சம்சாரம்."

"அதுக்குத்தான் நீ இருக்கியே. நமக்கு அந்தச் சேலத்துப் பேச்சு வராது. பாடியை விடவேண்டாம்னு பிண அறைக் காவல்காரன் பசவராஜ்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். நீ போய்ப் பக்குவமா எடுத்துச் சொல்லு. மந்திரித்த மண்ணு கிடைக்கிறது என்ன லேசுப்பட்ட விஷயமா?"

சொன்ன பிறகு யாருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. குடையைத் தட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

பிண அறை ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில். கதவுக்கு முன்னால் பசவராஜ் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே அஞ்சலை. பக்கத்தில் ஆறுமுகசாமியின் தம்பி செல்லக்கண்ணு, சித்தாள் வேலைச் சுண்ணாம்பு முழங்கால்வரை காய்ந்திருக்க, மூங்கிலும் கயிறும் வாங்கி வைத்துக்கொண்டு நின்றான். லூர்துராஜைப் பார்த்ததும் அஞ்சலை எழுந்து ஓடி வந்தாள்.

"வந்துட்டீங்களா சாமி! இவன் என்னமோ சொல்றான், ஒண்ணும் வெளங்கல. காசு கேக்கறானா? இருக்கறதக் குடுத்தர்றோம். உடம்ப விடச் சொல்லுங்க."

பசவராஜ் கன்னடத்தில் சொன்னான். ஹெட் கிளார்க் உத்தரவு, இவன் கிறிஸ்தவனாகிச் செத்தவன், பாதிரியார் ஆள் வந்தால்தான் கொடுக்கலாம், நான் என்ன செய்வேன் ஸ்வாமி என்றான். லூர்துராஜ் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். இத்தனை நாளும் செய்த வேலைதான்.

"காசு கேக்கலம்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு. அதனால எங்க கல்லறையில அடக்கணும்னு சொல்றாங்க."

"அப்படின்னா?"

"எங்க வேதத்துல சேர்த்துக்கறது."

"யாரு சேந்தா?"

"அவரு."

"அவருக்கு நெனவே இல்லியே சாமி." அவள் அவனுக்குத்தான் ஏதோ புரியவில்லை என்பதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். "நீங்களும்தான் பாத்தீங்களே. கூப்பிட்டா மூஞ்சியத் திருப்புவாரு. அவ்வளவுதானே?"

"ஆமா."

"எப்ப செஞ்சாங்க?"

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம்."

அவள் கணக்குப் போட்டாள். கண் சுருங்கியது. "நான் கஞ்சி வாங்கப் போனப்பவா?"

"ஆமா."

"நீங்க அங்கதான நின்னீங்க."

"நின்னேன்."

அவள் அழவில்லை. இரண்டடி பின்னால் போனாள். "நம்ம பேச்சு பேசறவருன்னு இருந்தேனே" என்றாள்.

செல்லக்கண்ணு மூங்கிலைக் கீழே போட்டான். "பொணத்தக் கூட விட மாட்டீங்களாய்யா? உசுரோட இருக்கறவன்கிட்ட வந்து கேளுங்களேன் பாக்கலாம்! சேந்துருவானா எங்கண்ணன்? ஆடிக்கு ஆடி காவடி எடுக்கறவன்யா அவன்!"

"நீ சும்மா இருடா" என்றாள் அஞ்சலை. மறுபடி லூர்துராஜ் பக்கம் திரும்பினாள். இப்போது அவள் குரலில் உரிமை இல்லை, கெஞ்சல் மட்டும்தான் இருந்தது. "ஐயா, நான் ஊருக்குத் திரும்பிப் போவணும். ரெண்டு பொட்டப் புள்ளைங்க அங்க என் மாமியாகிட்டக் கெடக்குதுங்க. புருசன் பொணத்த வேதக்காரங்களுக்கு வித்துப்புட்டு வந்தவளுன்னு சொல்லுவாங்க. வாசப்படி ஏத்த மாட்டாங்கய்யா. நாளைக்கு அதுங்களுக்கு எவன் மாப்பிள்ளை வருவான்? கூடப் பொறந்தவன் மூங்கிலும் கயிறுமா நிக்கறான். அவன் கையால ஒரு புடி மண்ணு விழ வேண்டாமா? உங்க காலப் புடிக்கறேன்."

பிடித்தே விட்டாள். பசவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லூர்துராஜ் குனிந்து அவள் கைகளை விலக்கினான். விலக்கும்போது அவன் கழுத்தில் கயிற்றில் தொங்கிய மாதா உத்தரியத் துணித்துண்டு சட்டைக்கு வெளியே வந்து அவள் முகத்துக்கு முன்னால் ஆடியது. அதை உள்ளே போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தான்.

பங்குச் சாமியார் ஹனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. எதிலும் அவசரப்பட மாட்டார். அறையில் பிரகாசமும் மரியபுஷ்பமும் ஏற்கெனவே இருந்தார்கள். லூர்துராஜ் அஞ்சலை சொன்னதையெல்லாம் சொன்னான்.

"அழத்தான் செய்வாங்க, பாவம்" என்றார் பிரகாசம். "அதுக்காக ஞானஸ்நானம் வாங்கினவனைக் கண்ட இடத்துல புதைக்க விடலாமுங்களா சாமி? ஒருத்தருக்கு ஒரு சட்டம் கிடையாது. நான் என் பேரப்பிள்ளையையே வெளியே வெச்சவன்."

சாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். "இரு பிரகாசம். நீ சொல்லு கண்ணு. தண்ணியை ஊத்தினியா, இல்ல பஞ்சால தொடச்சியா?"

"பிழிஞ்சேன் சாமி" என்றாள் மரியபுஷ்பம். "தலையில கட்டு. புருவத்து மேலதான் பிழிய முடிஞ்சுது."

"ஓடுச்சா?"

"ஓடுச்சு சாமி."

"பஞ்சுன்னதும் எனக்குச் சந்தேகமா இருக்குது. ஈரத்தால தொடச்சா அது ஞானஸ்நானம் ஆவாது. தண்ணி தோலு மேல ஓடணும். பதட்டத்துல உனக்குச் செரியாத் தெரிஞ்சிருக்காது." அவர் லூர்துராஜைப் பார்த்தார். "நீ அங்க நின்னயில்ல. நெதானமான ஆளு. பாத்துச் சொல்லு. ஓடுச்சுன்னா அவன் நம்மாளு, நாமதான் எடுத்து அடக்கணும், எனக்கு வேற வழியில்ல. ஓடலீன்னா அந்தம்மா கொண்டு போவட்டும். அவன் ஆத்துமத்த ஆண்டவரு பாத்துக்குவாரு."

ஜன்னலுக்கு வெளியே தூம்பாவை யாரோ ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"துடைச்சாங்க சாமி" என்றான் லூர்துராஜ். "ஓடல."

மரியபுஷ்பம் அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, தலகாணி நனைஞ்சுதே."

"அது வேர்வை. முன்னாடியே இருந்துது."

"நல்லாப் பார்த்தியாடா?" என்றார் பிரகாசம்.

"நேர் எதிர்லதான் நின்னேன் மாமா."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. பொய் சொல்வான் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் பன்னிரண்டு மணிக்கு எழுந்து நிற்பவன். பெண்டாட்டி செத்த மறுநாளும் பூசைக்கு வந்தவன். மரியபுஷ்பம்கூட நம்பிவிட்டாள். தன் கண்ணைவிட அவன் வார்த்தை அவளுக்குப் பெரிதாக இருந்தது. தன் உள்ளங்கையை விரித்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"செரி" என்றார் சாமியார். "உடம்பைக் குடுத்துரச் சொல்லு பிரகாசம்."

பாடை தூக்க ஆள் போதவில்லை. வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி இல்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டதால் செல்லக்கண்ணுவோடு இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். நாலாவது மூலைக்கு லூர்துராஜ் போனான். செல்லக்கண்ணு அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, "செருப்பக் கழட்டுங்க" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

ஆஸ்பத்திரி வாசலோடு அஞ்சலை நின்றுகொள்ள வேண்டும். வாய்க்கரிசி போட்டு முடித்து, நெற்றியைத் தடவி, அழுது ஓய்ந்தவள் அவன் பக்கத்தில் வந்தாள்.

"எப்படிங்க விட்டாங்க?"

"பொய் சொன்னேன்."

"இத அன்னைக்குக் கட்டிலுக்குப் பக்கத்துல சொல்லியிருக்கலாம், வேண்டாம்னு" என்றாள். கும்பிடவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.

குண்டலுபேட்டை சாலையில் வெயில் தணியவில்லை. தார் காலைச் சுட்டது. கோயில் தெரு முனையைக் கடந்தபோது சபைக்காரர்கள் சிலர் நின்று பார்த்தார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் தொப்பியைக் கழற்றினார், கழற்றியபின் யார் பிணம் என்று தெரிந்து மறுபடி போட்டுக்கொண்டார். லூர்துராஜுக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது. ஜேனைத் தூக்கியபோது கனம் தெரிந்ததா என்று நினைத்துப் பார்த்தான். நினைவு வரவில்லை.

செல்லக்கண்ணு குடம் உடைத்தான். மூன்று பேரும் மண் தள்ளினார்கள். லூர்துராஜ் ஒதுங்கி நின்றான். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. கை பழக்கத்தில் நெற்றிவரை போனது, அங்கிருந்து இறக்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் மரியபுஷ்பம் காத்திருந்தாள். யூனிஃபார்மில் இல்லை. இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை என்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"ஒண்ணு கேக்கணும் அண்ணே. நான் எல்லாருக்கும் பஞ்சுலதான் செஞ்சேன். அந்தத் தீப்பட்ட பையன். சாமராஜநகர்ல இருந்து வந்த தாத்தா. டிப்தீரியா குழந்தைங்க. எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் பிழிஞ்சேன். அப்ப ஒருத்தருக்கும் ஓடலையா?"

லூர்துராஜ் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

"நான் ஓடுச்சுன்னு நெனச்சேன். எனக்குத் தெரியல. ஒருத்தர்கூடப் போய்ச் சேரலையா? ஜேனோட பாப்பாவுக்குத்தான் செய்யல. இவங்களுக்காவது செய்யலாம்னுதான் அண்ணே... எல்லாமே வீணா?"

அவள் அழும்போது லூர்துராஜுக்குள் ஏதோ ஒன்று இளகியது. சொறிய வேண்டிய இடத்தில் யாரோ சொறிந்ததுபோல இருந்தது. அது என்ன என்று அடையாளம் தெரிந்ததும் ஒரு படி கீழே இறங்கி நின்றான்.

"ஓடிச்சு" என்றான்.

"என்ன?"

"தண்ணி ஓடிச்சு. கண்ணோரமா இறங்கிக் காதுக்குள்ள போச்சு. நான் பார்த்தேன். தலகாணி நனைஞ்சது தண்ணியாலதான்."

அவள் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் முகத்தில் நிம்மதி வந்தது. அது முழுதாக வருவதற்குள் போய்விட்டது.

"அப்ப சாமிகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அந்தம்மா ஊருக்குப் போக வேண்டாமா?"

"அதை எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேனே சாமிகிட்ட, எனக்குச் சரியாத் தெரியலைன்னு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்காக மட்டும்தானா?"

அவன் தெருவைப் பார்த்தான்.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க அண்ணே."

"இல்ல" என்றான் லூர்துராஜ். "அதுக்காக மட்டும் இல்ல."

மரியபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கே என்னைத் திட்டியிருக்கலாம். கல்லறையில எல்லாரும் இருக்கும்போது, ஏன்டி என் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தலைன்னு கேட்டிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. பூசைக்கு வந்தீங்க, என்னைப் பார்த்து சௌக்கியமான்னு கேட்டீங்க. நான் பெரிய மனசுன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவள் எழுந்தாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா மாமா குழியைத் தோண்டச் சொன்னாலும் சொல்லுவாரு. நீங்க சாமிகிட்டப் போய்ச் சொல்லுங்க, பாவசங்கீர்த்தனத்துல." நாலு எட்டுப் போய் நின்றாள். "பொணத்துக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபமாவது சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் போய்விட்டாள்.

சனிக்கிழமை வரிசையில் அவன் கடைசியில் நின்றான். முழந்தாளிட்டு, கம்பி வலைக்கு அந்தப்புறம் சாமியாரின் காது தெரிய, எல்லாவற்றையும் சொன்னான். அறையில் சொன்ன பொய்யை. வேர்வை என்ற இரண்டாவது பொய்யை. மரியபுஷ்பம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தனக்கு அது பிடித்திருந்ததை. கட்டிலுக்குப் பக்கத்தில் மறைத்து நின்றதை. இங்கே கேட்டதை இனி அவர் வெளியே யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாது. இருவருக்கும் அது தெரியும்.

"வருத்தப்படறயா?" என்றார் சாமியார்.

"அந்த நர்ஸ் பொண்ணை நோகடிச்சதுக்கு வருத்தப்படறேன் சாமி. மறைச்சு நின்னதுக்கும்."

"பொய்க்கு?"

"இல்ல சாமி."

"மறுபடி அந்த ரூம்ல நிறுத்தி வெச்சுக் கேட்டேன்னா?"

"துடைச்சாங்கன்னுதான் சொல்லுவேன்."

சாமியார் பெருமூச்சு விட்டார். மூக்குப்பொடி வாசனை வந்தது. "வருந்தற மனஸ்தாபம் இல்லாம நான் கையத் தூக்கிப் பாவப்பொறுத்தல் குடுக்க முடியாது கண்ணு. உனக்கே தெரியும். பாதிக்கு மட்டும் குடுக்கவும் முடியாது."

"தெரியும் சாமி."

"அந்தம்மாவுக்காகச் சொன்னதுதான்னாலும் நம்ம ஞானஸ்நானத்தையே இல்லைன்னு சாட்சி சொன்னவன் நீ. கொஞ்ச நாளு யோசி. வருத்தம் வந்தா எப்ப வேணும்னாலும் வா, சோத்துக் கையோட இருந்தாலும் எந்திரிச்சு வர்றேன். அதுவரைக்கும் நன்மை வாங்காத."

"சரி சாமி."

"வருத்தமில்லைன்னு தெரிஞ்சும் ஏன் வந்தே?"

"சனிக்கிழமை சாமி" என்றான்.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று நன்மரண சபையினர் எல்லோரும் சிவப்பு நாடாவில் பதக்கம் அணிந்து, முதல் வரிசைகளில் முழந்தாளிட்டு, மற்ற ஜனங்களுக்கு முன்னால் சேர்ந்து போய் நன்மை வாங்க வேண்டும். லூர்துராஜ் வராமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, குளித்து, பல்லில் தண்ணீர் படாமல் வந்து, பதக்கம் அணிந்து, பிரகாசத்துக்குப் பக்கத்திலேயே முழந்தாளிட்டிருந்தான்.

மணி அடித்தது. சபையினர் எழுந்தார்கள். லூர்துராஜ் எழவில்லை.

பிரகாசம் முழங்கையால் இடித்தார். "லூர்து, எழுந்திரு."

அவன் தலையாட்டினான்.

அவர் குனிந்து காதுக்குள் கேட்டார். கேட்கும்போதே ஒரு வழியைத் திறந்துவிட்ட நிம்மதி அவர் குரலில் இருந்தது. "மறந்து காப்பி குடிச்சிட்டியா?"

அப்படி எல்லோருக்கும் நேர்வதுண்டு. நள்ளிரவுக்குப் பிறகு எதையாவது வாயில் போட்டுவிட்டால் நன்மை வாங்க முடியாது. அதில் பாவமும் இல்லை, வெட்கமும் இல்லை. ஆமா என்று ஒரு சொல் சொன்னால் பூசை முடிந்ததும் கேலி செய்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

"இல்ல மாமா" என்றான் லூர்துராஜ்.

பிரகாசத்தின் முகம் மெதுவாக மாறியது. ஜேனின் புருஷன் என்ன செய்திருக்கக்கூடும் என்று அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. பின்னால் நின்றவர் தள்ளியதால் நடந்தார். நாலடி போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சபை போயிற்று. அதற்குப் பின்னால் ஆண்கள் வரிசை எழுந்து வந்தது. நடுவில் மண்டியிட்டிருந்தவனைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் போக வேண்டியிருந்தது. சிலர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். "யாரு, நம்ம லூர்துராஜா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. "அவனா? என்னவாம்?" என்றது இன்னொன்று. பெண்கள் பக்கமிருந்து மரியபுஷ்பம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்துக் கிராதிக்குப் போனாள், வாங்கினாள், கைகுவித்துத் திரும்பி வந்தாள். அவள் இந்தப் பக்கம் பார்த்தாளா என்று லூர்துராஜுக்குத் தெரியவில்லை.

கல் தரை முழங்காலில் குத்தியது. பூசை முடியும்வரை அவன் அப்படியே இருந்தான்.